இந்த வாட்டி நீ விளையாடு

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டே முக்கால்தான், ஆனால் மழை மேகம் மயிலாப்பூரை அந்தி நேரமாக்கி வைத்திருந்தது. சந்துக்குள் தண்ணீர் நிற்கிறது, வண்டி வராது என்று ஆட்டோக்காரர் முனையிலேயே நிறுத்திவிட்டார். தாரணிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவளைக் கூவத்துக்குள் இறக்கிவிட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டேதான் நடந்து வந்திருப்பாள். ஆறு வருஷமாகக் காத்திருந்த நாள் அது.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. விளையாடப் போகிறாள். முப்பத்தோரு வயதில் என்ன விளையாட்டு என்று அவள் அம்மா புஷ்பம் வாராவாரம் கேட்கத்தான் செய்கிறாள். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். "கதவு திறந்திருக்கு, உள்ளே இருட்டு, யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. நீ என்ன பண்றே?" என்று நடத்துபவர் கேட்பார். உள்ளே போகிறேன் என்றோ, திரும்பி ஓடுகிறேன் என்றோ ஆடுபவர் சொல்வார். பகடை உருளும். ஆள் பிழைத்தானா, போய்ச் சேர்ந்தானா என்பது அதில் தெரிந்துவிடும். விளையாட்டு அவ்வளவுதான். அதில் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கதைக்குள் எல்லோருக்கும் இடம் இருக்கும், நடத்துகிறவருக்கு மட்டும் இருக்காது. ஊரை உண்டாக்குவது அவர், மழை பெய்ய வைப்பது அவர், ஆனால் அந்த ஊரில் அவருக்கென்று ஒரு ஆள் கிடையாது. பந்தியில் பரிமாறுகிறவள் கடைசி வரை இலை முன்னால் உட்காராத கதைதான். தாரணி ஆறு வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எதிரே மூன்று பேர்: கல்லூரியில் இருந்தே நண்பனான பாலகணேஷ், மயிலாப்பூர் சாய்சரண், ஊரூர் குப்பத்து மதிவாணன். ஒரு தடவையாவது நான் விளையாடுகிறேனே என்று அவள் கேட்காத மாதம் இல்லை. "உன்ன மாதிரி எங்களுக்கு நடத்த வராது தாரணி" என்று மூவரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்து அவளும் அடங்கிப் போவாள்.

தீபாவளி முடிந்த வாரம் பாலகணேஷ் போன் செய்தான்.

"இந்த வாட்டி நீ விளையாடு தாரணி. நடத்துறதுக்கு ஒரு ஆள் கெடச்சிருக்காரு. கதிரேசன்னு பேரு. பெரியவரு, பழைய கை."

தாரணி போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அடுத்த மூன்று வாரமும் அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. கெங்கம்மா என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கினாள். நாற்பது வயது மீன்காரி. கடலில் போன புருஷனைத் தேடித் தானே படகு எடுத்துப் போகிறவள். வாய் நீளம், பயம் குறைவு. மதிவாணனோடு குப்பத்துக்குப் போய், படகு நிழலில் உட்கார்ந்து, வலைக்கும் மீனுக்கும் காற்றுக்கும் அங்கே என்ன பெயர் என்று அவன் அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். மதிவாணனும் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் காட்டினான். பாத்திரத்தின் பெயர், வயது, பலம், பலவீனம் எல்லாம் எழுதிய அந்த ஒற்றைத் தாளை மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் அவள் அந்தச் சந்துக்குள் நடந்தாள்.

வீடு சந்தின் கடைசியில் இருந்தது. சாய்சரணின் பெரியப்பா வீடு. எல்லோரும் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடந்தது, பொங்கலுக்குப் பிறகு இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். சாய்சரண் கதவருகே நின்றிருந்தான்.

"வந்துட்டியா? மாடிக்குப் போ. அவர் ஏற்கெனவே உக்காந்துண்டிருக்கார். தொண்டை சரியில்லை, அதிகமா பேச்சு குடுக்காதே."

மாடிக் கூடத்தில் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. பேனா மசியும் வியர்வையும் கலந்தது போல, பரீட்சை எழுதுகிற அறையில் வருமே, அது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தி இருந்தன. ஒற்றை மஞ்சள் பல்பு. நடுவில் நீளமான தேக்கு மேஜை. அதன் தலைப்பக்கம் மூன்று மடிப்பாக நின்ற அட்டைத் தட்டி. நடத்துகிறவர் தன் குறிப்புகளையும் பகடைகளையும் மறைத்து வைக்க இப்படி ஒரு தட்டி வைப்பது வழக்கம்தான். ஆனால் இது மிகவும் உயரமாக இருந்தது. பின்னால் இருப்பவரின் உச்சித் தலை மட்டும் தெரிந்தது. நரைத்த, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"வணக்கம் சார்" என்றாள் தாரணி.

தலை லேசாக அசைந்தது.

பாலகணேஷும் மதிவாணனும் முன்னமே உட்கார்ந்திருந்தார்கள், சாய்சரணும் பின்னாலேயே ஏறி வந்து உட்கார்ந்தான். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து கெங்கம்மாவின் தாளை எடுத்து வைத்தாள். அப்போதுதான் மற்ற மூவரின் தாள்களையும் பார்த்தாள். ஓரங்கள் நைந்து, அழித்து எழுதி அழித்து எழுதி நடுவில் ஓட்டை விழுந்து, டீக்கறை படிந்த தாள்கள். ஒரு மத்தியானத்திலோ ஒரு மாதத்திலோ அப்படி ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"எவ்ளோ நாளா விளையாடுறீங்க?"

மதிவாணன்தான் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு வருஷம் ஆவுது."

ஒரு வருஷம். சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து அவள் நடத்த ஆடிவிட்டு, "நாளைக்கு ஆபீஸ் வேலை", "நாளைக்குச் சொந்தக்காரங்க கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இங்கே. நடத்த ஆளே இல்லை என்று அவளிடம் கையை விரித்துவிட்டு இங்கே. எழுந்து போய்விடலாம் என்றுதான் தாரணி நினைத்தாள். ஆனால் கெங்கம்மா அவள் முன்னால் இருந்தாள். ஆறு வருஷத்து ஆசை அவளை அங்கேயே உட்கார வைத்தது. சண்டையை ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் விளையாடிவிடுவோம் என்று விழுங்கிக்கொண்டாள்.

எங்கோ மணி மூன்று அடித்தது.

தட்டிக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் மேஜையின் அந்தக் கோடியில் இருந்து வருவதாகத் தெரியவில்லை. அவள் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. விடியற்காலைக் கடல், ஈர மணல், தூரத்தில் ஒரு படகின் இரைச்சல் நின்றுபோவது, எல்லாவற்றையும் அந்தக் குரல் அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனது. தாரணி மயிலாப்பூரை மறந்தாள். தன் காலில் நண்டு ஊர்வது போலிருந்தது. தான் இத்தனை வருஷம் நடத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பொறாமை இல்லாமல் ஒப்புக்கொண்டாள்.

"அலை ஒதுக்கிவிட்ட கட்டையில் உன் புருஷனுடைய சட்டை சிக்கி இருக்கு. கெங்கம்மா, நீ என்ன பண்றே?"

தாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயிரம் தடவை பிறரிடம் அவள் கேட்ட கேள்வி அது. அவளை யாரும் கேட்டதில்லை.

"சட்டைய எடுத்து மோந்து பாக்குறேன்" என்றாள்.

பகடை உருண்டது. கதை ஓடியது. கெங்கம்மா படகைத் தள்ளிக்கொண்டு போனாள், பாலகணேஷின் ஆளும் மதிவாணனின் ஆளும் சாய்சரணின் ஆளும் கூட வந்தார்கள். மழை கூடத்துக்கு வெளியே பெய்ததா, கதைக்குள் பெய்ததா என்று சொல்ல முடியாதபடி பெய்தது. கடல் நடுவில் ஒரு திட்டு வந்தது. திட்டின் மேல் ஒரு வீடு.

"ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கிற வீடு" என்றது குரல். "மாடிக்குப் படி இருக்கு. ஏறினா ஒரு கூடம். ஒரு மேஜை. மேஜையைச் சுத்தி நாலு பேர்."

தாரணி நிமிர்ந்தாள். தன் கதையில் கேட்பவர்கள் இருக்கும் அறையையே சேர்த்துக்கொள்வது பழைய உத்திதான், அவளும் செய்திருக்கிறாள். சபாஷ் என்று சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் மற்ற மூவரும் சிரிக்கவில்லை. மதிவாணனின் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அவன் அந்தக் கையை மடியில் இறக்கிக்கொண்டான்.

"அஞ்சாவதா ஒருத்தர் இருக்கார். அவர் எழுந்துக்க முடியாம ரொம்ப வருஷமா உக்காந்திருக்கார்" என்றது குரல்.

பதற்றத்தில் அவள் கை பட்டுப் பென்சில் கீழே விழுந்தது.

எடுக்கக் குனிந்தாள். மேஜைக்கு அடியில் இருட்டு. பாலகணேஷின் காலுறை தெரிந்தது. சாய்சரணின் வேட்டிக் கரை தெரிந்தது. மதிவாணனின் வெறுங்கால் தெரிந்தது. பென்சில் உருண்டு உருண்டு தலைப்பக்கம் போய் நின்றிருந்தது.

அங்கே கால்கள் இல்லை.

நாற்காலி மேஜைக்குள் முழுவதுமாகத் தள்ளப்பட்டிருந்தது. அதில் ஒரு குழந்தை கூட உட்கார முடியாது.

தாரணி மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். தட்டிக்கு மேலே அந்த நரைத்த உச்சித் தலை அப்படியே இருந்தது. பகடை இன்னும் உள்ளே உருண்டுகொண்டிருந்தது. உருண்டுகொண்டே இருந்தது. பகடை அத்தனை நேரம் உருளாது.

பிறகு அதுவும் நின்றது.

குரலும் நின்றது.

மழைச் சத்தம் கூடக் கேட்கவில்லை.

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. சாய்சரண் சுவரைப் பார்த்தான். மதிவாணன் தன் கையைப் பார்த்தான். பாலகணேஷ் மட்டும் அவளைப் பார்த்தான். முகம் வெளுத்து, உதடு துடிக்க, சொல்ல வந்தது வெளியே வராமல் உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் ஆட்டத்தில், அவன் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்குத் திக்குவாய். மற்றவர்கள் மடமடவென்று பேச, இவன் வாயைத் திறக்க முடியாமல் வியர்த்துக் கொட்டினான். தாரணிதான் மொத்த ஆட்டத்தையும் நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பி, அவசரப்படாமல், அவனுக்கு மட்டும் கேட்கிறாற்போலக் கேட்டாள். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவன்தான் அவன். மேஜையில் யாராவது பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பொறுக்காது. பொறுத்ததே இல்லை.

இப்போதும் பொறுக்கவில்லை. தன் பயத்தை அவள் மறந்தே போனாள். இவனை எப்படியாவது இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பழகிய வாய் பழகியதைச் சொன்னது.

"பாலா," என்றாள் தாழ்ந்த குரலில். "நீ என்ன பண்றே?"

பாலகணேஷ் கண்களை மூடிக்கொண்டான்.

"கேட்டுட்டா" என்றான் சாய்சரண்.

தாரணி எழுந்திருக்கவில்லை, நகரவும் இல்லை. ஆனால் இப்போது அவள் உட்கார்ந்திருந்தது மேஜையின் தலைப்பக்கம். தட்டியின் உட்புறம் அவள் முகத்துக்கு நேராக நின்றது. அதில் நீல மசியில், பொடி எழுத்தில், மேலிருந்து கீழ் வரை ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அடுத்த வாரம் நான் விளையாடுவேன். அடுத்த வாரம் நான் விளையாடுவேன்.

அவள் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சற்று முன்னால் வரை அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இல்லை. பல்பின் வெளிச்சம் அந்த இடத்தில் மட்டும் விழ மறுத்தது. ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. அது கெங்கம்மாவின் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எழுத்துகளின் மேல் ஆசையாகத் தடவியது.

"நான் கெங்கம்மா" என்றது குரல். குழந்தை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து காட்டுகிற சந்தோஷம் அதில் இருந்தது.

மூவரும் எழுந்துவிட்டார்கள். தாரணியும் எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை.

"என்னடா இது? பாலா, என்னடா பண்ணீங்க?"

சாய்சரண்தான் சொன்னான், கதவுப் பக்கம் பின்வாங்கிக்கொண்டே.

"கதிரேசன் பெரியப்பாவாத்து மாடியில குடியிருந்தார். பேங்க்ல வேலை, கல்யாணம் ஆகலை. ஞாயித்துக்கிழமை தெருப் பசங்களுக்கெல்லாம் இங்கதான் ஆட்டம் நடத்துவார். எனக்கும் ஒரு தடவை விளையாடணும்னு கெஞ்சிண்டே இருப்பாராம். அடுத்த வாரம் நாங்க நடத்தறோம், நீங்க விளையாடுங்கோன்னு சொல்லிட்டு ஒருத்தரும் வரலை. எல்லாம் வேலை கெடச்சு அமெரிக்கா போயிடுத்து. அவர் உக்காந்தே இருந்தார். புதன்கிழமை கதவை உடைச்சுப் பாத்தப்போ உசிரில்லை."

"தெரிஞ்சேவா இங்க விளையாட வந்தீங்க?"

"தெரியாது மச்சி, சத்தியமா தெரியாது" என்றான் மதிவாணன். "சும்மா ஒரு மாறுதலுக்கு நான் நடத்தலாம்னுதான் வந்தோம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு ஆரம்பிச்சிட்டாரு. சூப்பரா கீதேன்னு நாங்களும் குந்திட்டோம். அப்பறம் உட மாட்றாரு. போன மாசம் ஒரு வாரம் நான் வரல. ஊட்ல குந்திக்கினு இருக்கேன், மூணு மணி ஆச்சு, என் கை அது பாட்டுக்குத் தரையில தேய்க்குது. பகடை உருட்டுற மாதிரி. தோல் பிஞ்சு ரத்தம் வந்தும் நிக்கல."

"நடத்த ஒரு ஆளக் குடுத்துட்டா உங்கள விட்டுர்றேன்னாரு. 'நீ என்ன பண்றே'ன்னு இந்த மேஜையில யாரு கேக்குறாங்களோ, அவங்கதான் அப்பறம் நடத்தணும்" என்றான் பாலகணேஷ். ஆட்டத்துக்கு வெளியே அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு.

"உங்க மூணு பேர்ல ஒருத்தர் அந்தக் கேள்விய கேட்டிருக்கலாமே?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் கேப்பேன்னு எப்பிடிடா தெரியும்?"

"யாராவது பேசாம உக்காந்திருந்தா உன்னால தாங்க முடியாதே" என்றான் பாலகணேஷ். சொல்லும்போது அவன் துளியும் திக்கவில்லை.

மூன்று பேரும் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஒருவர் கால் கூட நடுவில் தயங்கவில்லை. தெருக்கதவு சாத்தப்பட்டது. எதிரே இருந்த வெள்ளைச் சட்டைக் கை பகடைகளைப் பொறுக்கி, உள்ளங்கைக்குள் குலுக்கிக்கொண்டு, காத்திருந்தது.

ஆறு மணி வரைக்கும் தாரணி நடத்தினாள். நிறுத்தியபோதெல்லாம் அவள் தாடை தானாகத் திறந்தது.

ஆறு அடித்ததும் அவள் கால்கள் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. மழையில் நனைந்து கே.கே. நகர் வந்து சேர்ந்தாள். போனைப் பார்த்தபோது, ஆறு வருஷமாக நால்வரும் பேசிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்குத் தேவையே ஏற்படவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. மசியும் வியர்வையுமான வாசனை வந்தது. தாரணியின் தாடை திறந்தது. அப்பா சண்முகவேலுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தி.நகர் ஜவுளிக் கடையில் கூட்டம், இரவு பத்துக்கு முன்னால் வரமாட்டார். அம்மா மத்தியானம் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள், அதற்குமேல் வந்து பார்த்தாலும் மகள் தனியாக விளையாட்டுக்கு ஒத்திகை பார்க்கிறாள் என்றுதான் நினைப்பாள். பொங்கலுக்குப் பிறகு மயிலாப்பூர் வீட்டை இடித்தார்கள். எதிர் நாற்காலி அடுத்த ஞாயிறும் நகர்ந்தது.

ஒரு நாள் தரமணியில் பாலகணேஷின் அலுவலக வாசலில் போய் நின்றாள். பஸ்ஸுக்கு வந்தவன் அவளைப் பார்த்ததும் திரும்பப் போனான். அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாள் வாடா. கூட உக்காரு. தனியா முடியலடா."

"நான் வந்தா மறுபடி மாட்டிப்பேன் தாரணி." அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "நீதான எப்பவும் நடத்துவ? உனக்கு அதுதான புடிக்கும்?"

அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். நடத்தப் பிடிக்குமா, விளையாடப் பிடிக்குமா என்று ஆறு வருஷத்தில் அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் ஏறிய பஸ் கிளம்பிப் போன பிறகும் நடைபாதையில் நின்று அழுதாள், யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் இல்லாமல்.

தப்பிக்க ஒரு வழி அவளுக்கும் தெரியும். அவள் அலுவலகத்தில் ஸ்வர்ணலதா என்று இருபத்து நாலு வயதுப் பெண். "அக்கா, எனக்கும் இந்த விளையாட்டு சொல்லிக் குடுங்கக்கா. எனக்கு நடத்தணும்னுதான் ஆசை" என்று பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மூன்று மணிக்கு வீட்டுக்கு வா என்று தாரணி செய்தி கூடத் தட்டிவிட்டாள். அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அழித்துவிட்டாள். அந்த மூன்று பேரைப் போல அவள் ஆகிவிட விரும்பவில்லை.

பிப்ரவரி மாதம் மூன்றாவது ஞாயிறு அவளுக்கு வேறொன்று தோன்றியது. நடத்துகிறவருக்குக் கதையில் ஆள் இல்லைதான், ஆனால் கதையை முடிக்கும் அதிகாரம் இருக்கிறதே. பாத்திரம் செத்துவிட்டால் ஆட்டம் எப்படித் தொடரும்?

அன்றைக்குப் புயல் கிளப்பினாள். படகின் அடிப்பலகையைப் பிளந்தாள். எதிரே பகடை உருண்டது, தோற்றது. மறுபடி உருண்டது, மறுபடி தோற்றது. தன் கையால் உண்டாக்கிய, தான் ஒரு மத்தியானம் கூட முழுசாக ஆடாத கெங்கம்மாவை, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி மூச்சு நிற்கும் வரைக்கும், ஒரு வரி விடாமல் சொல்லி மூழ்கடித்தாள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

"கெங்கம்மா செத்துப் போயிட்டா. அவ்வளவுதான். கதை முடிஞ்சிது" என்றாள்.

எதிரே பகடை உருளவில்லை. வாசனை கூட மங்கியது போலிருந்தது. தாரணி மூச்சை விட்டாள்.

பிறகு புதுத் தாள் ஒன்று மேஜையின் மேல் சரசரவென்று விரிந்தது.

நீல மசி ஊறிப் பொடி எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

பெயர்: தாரணி.

வயது: முப்பத்தொன்று.

பலவீனம்: யாராவது பேசாமல் இருந்தால் தாங்க மாட்டாள்.

கூட்டாளிகள்: யாரும் இல்லை.

படுக்கையறைக் கதவு திறந்தது. புஷ்பம் கூந்தலை முடிந்துகொண்டே வந்து சமையலறைக்குள் போனாள்.

"ஏட்டி தாரணி, காப்பி போடவா?"

"போடும்மா" என்று பதில் வந்தது.

தாரணியின் குரல்தான். தாரணி வாயைத் திறக்கவில்லை.

புஷ்பம் தம்ளரோடு வந்தாள். நேராக எதிர் நாற்காலிப் பக்கம் போய் அதை வைத்தாள். அங்கே காற்றில் கை நீட்டி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுவது போல ஒதுக்கிவிட்டாள்.

"எத்தன நாளு கழிச்சு இன்னிக்குத்தான் சிரிக்கே நீ. என்னட்டி விசேஷம்?"

"அம்மா!" என்று தாரணி கத்தினாள். "அம்மா, நான் இங்க இருக்கேன்மா! இந்தப் பக்கம் பாரும்மா!"

புஷ்பம் திரும்பவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விசேஷம் ஒண்ணும் இல்லம்மா" என்றது தாரணியின் குரல். "இனிமே ஞாயித்துக்கிழமை உன்கூடத்தான் இருப்பேன். அந்த விளையாட்டெல்லாம் விட்டுட்டேன்."

புஷ்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.